25 ஸ்கொயர் அலுமினியமும் 10 ஸ்கொயர் காப்பரும்: மண்ணுக்கடியில் ஒரு ஜாயின்ட்

மிக்சியைப் போட்டால் ஹால் லைட் மங்குவதற்குப் பதில் பளிச்சென்று கூடுகிறது என்று மாமா போனில் சொன்னபோதே நியூட்ரல் கோளாறு என்று தெரிந்துவிட்டது. த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் எந்த பேஸில் லோடு அதிகமோ அதில் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைவான மற்ற பேஸ்களில் ஏறும், முழுதாக விட்டுப்போனால் ஏறுகிற பேஸ் 400 பக்கம்கூடப் போய்விடும். மெயினை ஆஃப் பண்ணிட்டு இருங்க, நான் வாறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்குள் டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் போய்விட்டிருந்தன.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியமண்டபம் பக்கம். மீட்டர் ரோட்டோரம் மேலே ஒரு சின்ன அறையில் இருக்கிறது, வீடு கீழே, நடுவில் தென்னையும் கொஞ்சம் ரப்பரும் நிற்கிற சரிவான விளை. மீட்டரிலிருந்து வீடு வரை மண்ணுக்கடியில் ஆர்மர்டு கேபிள், அதாவது உறைக்குள் இரும்புக் கவசம் (ஆர்மர்) சுற்றிய கேபிள். மீட்டர் பக்கம் அளந்தால் மூன்று பேஸும் நியூட்ரலோடு 231, 233, 230. சரியாக இருக்கிறது. வீட்டு போர்டில் அளந்தால் 171, 268, 263. மீட்டருக்கும் போர்டுக்கும் இடையில் இருப்பது கேபிள் மட்டும்தான், அப்படியென்றால் கோளாறு மண்ணுக்குள். வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானாக அறுக்கிற சுவிட்ச்) இருக்கிறதே, அது ஏன் விழவில்லை என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஆர்.சி.சி.பி. தனக்குப் பின்னால், வீட்டுப் பக்கம் கசிவதைத்தான் பார்க்கும். அதற்கு முன்னால் விளைக்குள் கேபிளில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது.

எங்கே தோண்டுவது என்று தேட வேண்டிய வேலை இல்லாமல் போனது. "கக்கூஸ் குழி தோண்டும்ப ஜேசிபி இந்த எடத்துலதான் கேபிளை பிடுங்குச்சு, அப்ப வந்த ஆளு இங்கதான் ஒட்டுப் போட்டான், மக்ளே" என்று மாமா காலால் இடத்தைக் காட்டினார். அன்று அறுந்த கேபிளின் வீட்டுப் பக்கத்து மிச்சத்தை விட்டுவிட்டு, மாமா மகன் கடையில் மிஞ்சிக் கிடந்த வேறு ஒரு கேபிளை அந்த இடத்திலிருந்து வீடு வரை 18 மீட்டருக்குப் போட்டிருக்கிறார்கள். ஆக, மேலே மீட்டரிலிருந்து சுமார் 80 மீட்டர் 4 கோர் (உள்ளே தனித்தனி உறையோடு நான்கு கம்பி) 25 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) அலுமினியம், தட்டைப் பட்டை ஆர்மர். கீழே 18 மீட்டர் 4 கோர் 10 ஸ்கொயர் காப்பர், உருண்டைக் கம்பி ஆர்மர். இரண்டுமே எக்ஸ்.எல்.பி.இ. என்கிற பிளாஸ்டிக் இன்சுலேஷன். கேபிள் மேலேயே அச்சிட்டிருக்கும், ஏ 2எக்ஸ் எஃப் ஒய் என்று இருந்தால் அலுமினியம், எக்ஸ்.எல்.பி.இ., பட்டை ஆர்மர், பி.வி.சி. வெளியுறை. முதலில் ஏ இல்லையென்றால் காப்பர், எஃப் இருக்கும் இடத்தில் டபிள்யூ இருந்தால் உருண்டைக் கம்பி. கேபிளைத் துடைத்து அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும், பார்த்தால் 16 மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது.

தோண்டுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தினோம். லைன்மேனுக்குச் சொல்லிவிட்டு, மீட்டருக்குப் பிறகு நம்முடைய மெயினை இறக்கி, ஃப்யூஸ் கேரியர்களைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஈ.பி. சீல் வைத்த இடத்தில் கை வைக்கவே கூடாது. வீட்டுப் பக்கமும் நாலு போல் (மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கிற) மெயினை இறக்கினேன், இன்வெர்ட்டரை முழுதாக அணைத்தேன், ஏனென்றால் இன்வெர்ட்டர் வயரிங்கில் யாராவது நியூட்ரலைக் கலந்து வைத்திருந்தால் கீழே இருந்து மேலே கரண்டு வரும். அப்புறம் மீட்டர் பக்கம் நான்கு கோரையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்து எர்த்தோடு முறுக்கி வைத்தேன். இதற்கெல்லாம் நேரம் ஆகத்தான் செய்யும். குழிக்குள் ஈர மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து வேலை செய்யப்போவது நாம்தான், அதனால் இந்த இடத்தில் அவசரமே வேண்டாம்.

ஒன்றரை அடியிலேயே கேபிள் வந்துவிட்டது. ஜேசிபி வாயில் மாட்டியதற்குக் காரணமே அதுதான். இந்திய தர நிர்ணய விதிகளில் கேபிள் பதிப்பதற்கு என்று இருக்கிற ஐ.எஸ். 1255, லோ டென்ஷன் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழம் சொல்கிறது. நம்மூர் செம்மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளைக்கல் தட்டும், கூலியாள் மம்பட்டியை வைத்துவிட்டு கடப்பாரையை எடுக்க வேண்டும், அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய ஜாயின்டைத் திறந்து பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் இதே மாதிரி நிறைய ஜாயின்டுகள் மண்ணுக்குள் இருக்கின்றன. வெளியே ஒரு உரச் சாக்கு, அதற்குள் பாலிதீன் கவர், அதற்குள் கறுப்பு டேப் கட்டை விரல் கனத்துக்கு. டேப்பை அறுத்ததும் உள்ளே இருந்த தண்ணீர் ஒழுகியது. நான்கு கோரும் பக்கம் பக்கமாக ஒரே இடத்தில், அலுமினியக் கம்பியையும் காப்பர் கம்பியையும் கையால் சேர்த்து முறுக்கி, மேலே டேப். அலுமினியம் இருந்த இடத்தில் வெள்ளை மாவு, ஈரமான சுண்ணாம்பு போல விரலில் ஒட்டியது. காப்பர் பச்சை பூத்து அப்படியே இருந்தது. நியூட்ரலில் அலுமினியக் கம்பிகளில் இரண்டே இரண்டுதான் மிச்சம், அதுவும் தொட்டதும் ஒடிந்தது. ஆர்மரை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள், ஒன்றோடொன்று எந்த இணைப்பும் இல்லை, பட்டைகளின் துத்தநாகப் பூச்சு எல்லாம் போய் துரு ஏறி உப்பியிருந்தது.

ஏன் அலுமினியம் மட்டும் கரைந்தது? இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் இருந்தால் அது ஒரு பேட்டரி, அதில் தேய்கிற பக்கம் அலுமினியம்தான். ஈரமே இல்லாவிட்டாலும் பிரச்சினை உண்டு. சூடாகும்போது காப்பரைவிட அலுமினியம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாக விரியும், ஆறும்போது சுருங்கும், தினம் சாயங்காலம் லோடு ஏறி ராத்திரி இறங்கும்போது முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அலுமினியம் காற்றுப் பட்ட உடனே மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும், அது கரண்டு கடத்தாது. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் பைமெட்டல் ஃபெருல் என்று ஒன்று செய்து விற்கிறார்கள். ஒரு முனை அலுமினியக் குழல், மறுமுனை காப்பர் குழல், நடுவில் இரண்டும் தொழிற்சாலையிலேயே உரசிச் சூடாக்கி ஒட்டப்பட்டது, அலுமினியப் பக்கத்துக்குள் கிரீஸ் அடைத்து மூடி போட்டு வரும்.

இங்கே ஒரு விஷயம். அளவு வேறாக இருப்பது தப்பில்லை, காப்பரும் அலுமினியமும் ஒரே லைனில் வருவதும் தப்பில்லை. மாமா வீட்டில் 18 மீட்டர் காப்பர் கேபிள் நல்ல சரக்கு, இன்சுலேஷனை அளக்கிற மெகர் மீட்டரை வைத்தால் 200 மெகாஓமுக்கு மேல் காட்டியது, அதைத் தூக்கிப் போட எந்தக் காரணமும் இல்லை. கேபிளில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று கணக்கும் போட்டுப் பார்த்தேன். 25 அலுமினியம் கிலோமீட்டருக்கு 1.20 ஓம், 10 காப்பர் 1.83 ஓம், இவை 20 டிகிரியில் ஐ.எஸ். 8130 அனுமதிக்கிற உச்ச அளவுகள். மூன்று பேஸிலும் சீராக 20 ஆம்பியர் ஓடினால் மேலே 80 மீட்டரில் 1.9 வோல்ட், கீழே 18 மீட்டரில் 0.7 வோல்ட் கூட இல்லை. ஒரே பேஸில் மட்டும் லோடு இருந்தால் நியூட்ரல் வழியாகத் திரும்புவதையும் சேர்த்து இரட்டிப்பு, ஐந்து வோல்ட் சொச்சம். ஒன்றும் பிரச்சினை இல்லை. நீளமான பகுதி பெரிய கேபிள், குட்டையான பகுதி சின்ன கேபிள் என்று அமைந்ததால் இப்படி.

ஆனால் பிரேக்கர் விஷயத்தில் பிரச்சினை இருந்தது. மீட்டர் பக்கம் 63 ஆம்பியர் எம்.சி.பி., பழைய 25 ஸ்கொயருக்கு என்று வைத்தது, கீழே கேபிள் மாறியபோது யாரும் இதைத் தொடவில்லை. ஒரு லைனில் இரண்டு அளவு கேபிள் வந்தால் முன்னால் இருக்கிற பிரேக்கர் இரண்டில் மெலிந்ததைக் காப்பாற்ற வேண்டும், தடிமனானதை அல்ல. 10 ஸ்கொயர் காப்பர் மண்ணில் 63 ஆம்பியர் தாங்கும் என்று கேட்லாக்கைக் காட்டி வாதாடலாம், ஆனால் கடைசியில் அது சுவருக்குள் பி.வி.சி. பைப்பில் ஏறுகிறது, அங்கே சூடு வெளியே போக வழி கிடையாது. ஷார்ட் சர்க்யூட் வந்தாலும் அதே கதைதான், ஒரு வினாடிக்கு 25 அலுமினியம் 2.35 கிலோ ஆம்பியர் வரை தாங்கும், 10 காப்பர் 1.43 தான். மாமா வீட்டில் ஏ.சி., கீசர், கிணற்று மோட்டார் எல்லாம் சேர்ந்து ஓடியபோதும் கிளாம்ப் மீட்டரில் 20-ஐத் தாண்டி நான் பார்த்ததில்லை. அதனால் 40 ஆம்பியர் நாலு போல் எம்.சி.பி.க்கு மாற்றிவிட்டேன். ஜாயின்ட் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் இதைச் செய்யாமல் வந்தால் வேலை முடிந்ததாக ஆகாது.

மண்ணுக்கடியில் போடுவதா, மேலே ஒரு பெட்டி வைத்து அதில் சேர்ப்பதா என்பதையும் யோசித்தேன். இடம் இருந்தால் என் ஓட்டு பெட்டிக்குத்தான். தரையிலிருந்து உயர்த்தி ஒரு பில்லர் பாக்ஸ், உள்ளே பஸ்பார் (இணைப்புப் பட்டை), ஒவ்வொரு கேபிளுக்கும் அதனதன் அளவில் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியில் பிடிக்கிற வளையம்), லக் (கம்பி முனையில் அழுத்துகிற காது), அலுமினியமும் காப்பரும் சந்திக்கிற இடத்தில் பைமெட்டல் லக். திறந்து பார்க்கலாம், இறுக்கலாம், அளக்கலாம். ஆனால் இங்கே ஜாயின்ட் வருகிற இடம் கீழ்வீட்டுக்காரர்களும் சேர்ந்து பயன்படுத்துகிற வண்டிப்பாதையின் ஓரம், தேங்காய் ஏற்ற வருகிற லாரி திரும்புகிற இடம், பெட்டியை வைத்தால் ஒரு சீசனுக்குள் இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் மண்ணுக்கடியில்தான்.

கிட் வாங்குவதில்தான் அலைச்சல். ஹீட் ஷ்ரிங்க் ஸ்ட்ரெயிட் த்ரூ கிட் (இரண்டு கேபிளை நேராக இணைக்க, சூடு காட்டினால் சுருங்குகிற குழாய்கள் கொண்டது) நாகர்கோவிலில் கிடைக்கிறது, ஆனால் கடைக்காரர் நீட்டுவது இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நினைத்துச் செய்தது. கிட் கவர் மேல் 25 முதல் 50 என்று போட்டிருந்தால் நம்முடைய 10 அதில் அடங்காது. பார்க்க வேண்டியது குழாயின் மேல் அச்சிட்டிருக்கிற இரண்டு எண்கள். 75/22 என்றால் சுருங்குவதற்கு முன் உள்விட்டம் 75 மில்லிமீட்டர், முழுதாகச் சுருங்கினால் 22. என் அலுமினிய கேபிள் வெளியே அளந்தால் 25, காப்பர் கேபிள் 20. 75/22 குழாயைப் போட்டால் பெரிய பக்கம் பிடிக்கும், சின்ன பக்கம் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். உள்ளே பசை உருகி அடைத்துவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பசை என்பது ஒட்டுவதற்கு, இடைவெளியை நிரப்புவதற்கு இல்லை. நான் 50/16 எடுத்தேன், பெரிய கேபிள் மேலும் நடுவில் புடைக்கிற இடத்திலும் தாராளமாக நுழையும், சின்ன கேபிளையும் இறுக்கிப் பிடிக்கும். கோருக்கு 16/5. 10 ஸ்கொயர் கோர் இன்சுலேஷனோடு ஐந்தரை மில்லிமீட்டர் பக்கம் வரும், அதில் 5-க்குச் சுருங்குகிற குழாய் மட்டுமட்டாக நிற்கும், அதனால் அந்த முனையில் மட்டும் முதலில் மாஸ்டிக் டேப் (இளகிய, ஒட்டுகிற டேப்) ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

25 அலுமினியம் - 10 காப்பர் பைமெட்டல் ஃபெருல் நாகர்கோவிலில் கையிருப்பில் இல்லை, 25-16 இருந்தது. "10 கம்பியை ரெண்டா மடிச்சு 16-ல வுட்டு அழுத்துனா நிக்கும் தம்பி" என்று கடையில் சொன்னார்கள். நிற்கும். ஆனால் மடித்த கம்பி குழலுக்குள் வட்டமாக நிரம்பாது, ஓரங்களில் இடைவெளி விட்டு ஒரு பக்கம் மட்டும் நசுங்கும், அந்த இடம் சூடாகும். இதற்கு எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம், பெரிய கேபிளில் நாலு இழையை வெட்டி எறிந்துவிட்டு சின்ன ஃபெருலில் திணிப்பது. 25-ஐ வாங்கிப் பதித்தவர் கொடுத்த காசை அந்த ஓர் அங்குலத்தில் வெட்டி எறிவது அது. எனக்கு வேண்டிய ஃபெருல் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு பக்கம் சொல்லிவைத்து வந்தது, நான்கு கோருக்கு நான்கு, கூட ஒன்று. காத்திருந்த நாட்களில் மாமா வீட்டுக்கு மேலே இருந்து தற்காலிகமாக ஒரு வயர் இழுத்து ஃபேன், லைட் மட்டும் கொடுத்தோம்.

வேலை நாள் ஓணம் முடிந்த வாரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை, வைகாசியில் தொடங்குகிற தென்மேற்கு ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் கிடைக்கிற இடைவெளி இது, அதை விட்டால் அப்புறம் மார்கழிதான்.

முதலில் அழுகிய பகுதியை வெட்டுவது. எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய முடியாது, இழைகளுக்கு நடுவில் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஏறிப் போயிருக்கும். அலுமினியப் பக்கம் அரை மீட்டர் வெட்டி மெகர் வைத்தால் நீலக் கோருக்கும் ஆர்மருக்கும் இடையில் 0.3 மெகாஓம். இன்னும் அரை மீட்டர், 60-க்கு ஏறியது. கம்பியை விரித்துப் பார்த்தால் இழைகள் இன்னும் மங்கலாகவே இருந்தன. இன்னும் ஒரு முழம் வெட்டியதும் இழைகள் வெள்ளிபோலப் பளபளத்தன, முனையை ஸ்பிரிட் துணியால் துடைத்து உலர்த்திப் பார்த்ததில் 200-க்கு மேல். விதிப்படி 500 வோல்ட் மெகரில் 1 மெகாஓம் இருந்தால் போதும், ஆனால் நல்ல எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் 60 காட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இப்படி வெட்டினால் கேபிள் நீளம் போதாதே. ஒன்றரை மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது, அலுமினிய கேபிளில் ஒரு சாண்கூட எங்கும் தளர்வு இல்லை. முன்னே வேலை செய்தவர் வீட்டுச் சுவரோரம் காப்பர் கேபிளில் ஒரு சுற்று விட்டு மண்ணுக்குள் வைத்திருந்தார், அது நல்ல வேலை, அவருக்கு நன்றி. அந்தச் சுற்றை மேலே நகர்த்த 18 மீட்டரும் தோண்டத்தான் வேண்டியிருந்தது. தோண்டியதோடு ஆழத்தையும் முக்கால் மீட்டருக்கு இறக்கினோம், கடப்பாரை போட்டவர்களுக்குச் சம்பளம் கூடக் கொடுத்தார் மாமா. கேபிளை இழுக்கவில்லை, இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க ஒருவர் நகர்த்தினோம். வளைவுகளில் கேபிள் விட்டத்தின் 12 மடங்குக்குக் குறைந்து மடங்கக் கூடாது, 20 மில்லிமீட்டர் கேபிளுக்கு வளைவின் ஆரம் 24 சென்டிமீட்டராவது வேண்டும்.

ஜாயின்ட் குழியை மட்டும் அகலமாக, ஒரு ஆள் இரண்டு பக்கமும் காலை நீட்டி உட்காருகிற மாதிரி எடுத்து, மேலே தார்ப்பாய் கட்டினோம். "குழியில வெள்ளம் ஊறுது மக்ளே" என்று மாமா எட்டிப் பார்த்துச் சொன்னார், உண்மைதான், மேல் விளையிலிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் எடுத்து பையன் அதை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான். இரண்டு கேபிளையும் பலகை மேல் தூக்கி வைத்துக் கட்டிய பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

வெளிக்குழாயைப் பெரிய கேபிளில் ஏற்றி பாலிதீன் சுற்றித் தள்ளி வைத்தோம், கோர் குழாய்கள் நான்கும் அதே பக்கம். பிறகு வெளியுறையை உரித்து, ஆர்மரில் வெட்டுகிற இடத்தில் கட்டுக்கம்பி சுற்றி, ஹேக்ஸாவால் பட்டையின் கனத்தில் முக்கால் பங்கு மட்டும் அறுத்து, ஒவ்வொரு பட்டையாக முன்னும் பின்னும் வளைத்தால் சரியாக அந்த இடத்தில் ஒடியும். முழுதாக அறுக்கப் போனால் பிளேடு உள்ளுறையைக் கிழித்து கோரில் இறங்கிவிடும். கோர்களை ஏணிப்படி போல ஒன்றுக்கொன்று தள்ளி வெட்டினேன், மேலே நீளமாக விட்ட கோர் கீழே குட்டை, அப்போது நான்கு ஃபெருலும் ஒரே இடத்தில் வந்து சேராது, ஜாயின்ட் மெலிதாகவும் வரும். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, நிறத்துக்கு நிறம். பழைய ஜாயின்டில் மஞ்சளையும் நீலத்தையும் மாற்றிவிட்டு, கிணற்று மோட்டார் திரும்பிச் சுற்றியதும் அங்கே ஸ்டார்ட்டரில் மாற்றிச் சரிக்கட்டியிருந்தார்கள், இப்போது நிறப்படி சேர்த்துவிட்டு ஸ்டார்ட்டரிலும் பழையபடி திருப்பினோம்.

25 ஸ்கொயர் அலுமினியக் கோர் உருண்டையாக இருக்காது, நான்காக அறுத்த கொய்யாத் துண்டு மாதிரி ஒரு பக்கம் கூராக, ஒரு பக்கம் வளைவாக இருக்கும், நான்கும் சேர்ந்து உருண்டையாகப் பொருந்துவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதை அப்படியே ஃபெருலில் திணித்தால் கூர்முனை மட்டும்தான் தொடும். ஃபெருலை நசுக்கிப் பிடிக்க வைக்கிற கிரிம்பிங் டூலோடு வருகிற ரவுண்டிங் டையில் (உருட்டுகிற அச்சில்) வைத்து முதலில் உருட்டிக்கொண்டேன். அப்புறம் இழைகள் மேல் கிரீஸ் தடவி, கிரீஸ் இருக்கும்போதே எஃகு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டு கிரீஸ் தடவினால் அந்த இடைவெளியிலேயே படலம் மறுபடி கட்டிவிடும். குழலின் முட்டு வரை கம்பி போய்விட்டதா என்று முன்கூட்டியே அளந்து கோரில் மார்க்கர் கோடு போட்டு வைத்தால், உள்ளே தள்ளியதும் கோடு சொல்லிவிடும். ஹைட்ராலிக் டூலில் அறுகோண டை, அலுமினியப் பக்கத்துக்கு ஒன்று, காப்பர் பக்கத்துக்கு வேறொன்று, இரண்டு குழலின் வெளிவிட்டமும் ஒன்றல்ல. நடுவிலிருந்து வெளியே நோக்கி அழுத்திக்கொண்டு போனேன். அழுத்தியதும் பக்கவாட்டில் எழும்புகிற கூர்விளிம்பை அரத்தால் தேய்த்து எடுத்தேன், விட்டால் ஸ்லீவைத் துளைக்கும். ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தேன்.

கோர் ஸ்லீவ்களைச் சுருக்கியபின் ஆர்மர். பலர் விட்டுவிடுகிற இடம் இதுதான். இரண்டு பக்க ஆர்மரும் சேரவில்லை என்றால் கீழே 18 மீட்டரில் எங்காவது ஒரு பேஸ் ஆர்மரைத் தொட்டால், மீட்டர் பக்கத்துக்கு அந்தக் கரண்டு திரும்ப நல்ல வழி இல்லை. மண் வழியாக எவ்வளவு போகுமோ அவ்வளவுதான், பிரேக்கர் விழாது, ஆர்மர் உயிரோடு இருக்கும், அந்த இடத்தில் யார் மம்பட்டி போட்டாலும் ஆபத்து. துருவை எடுத்து ஆர்மரைப் பளபளப்பாக அரம் போட்டு, பட்டைகளுக்கு அடியில் தாங்கு வளையம் கொடுத்து, ஈயம் பூசிய காப்பர் பின்னலை மேலே மடித்து வைத்து, திருகி இறுக்குகிற வளையக் கிளிப்பால் இறுக்கினேன். அடியில் வளையம் இல்லாமல் இறுக்கினால் கிளிப் கோர்களைத்தான் நசுக்கும், ஆர்மரைப் பிடிக்காது. பட்டை ஆர்மர், கம்பி ஆர்மர் இரண்டும் கனம் வேறு என்பதால் வளையமும் கிளிப்பும் பக்கத்துக்கு ஒரு அளவு. மீட்டர் முனையிலிருந்து வீட்டு முனை வரை ஆர்மரை அளந்து பார்த்தேன், 0.4 ஓம். கூடவே 8 கேஜ் ஜி.ஐ. எர்த் கம்பி ஒன்றும் பள்ளத்தில் தனியாக ஓட்டினோம், இரும்பு ஆர்மரை மட்டும் நம்பி ஒரு வீட்டின் எர்த்தை விட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் வெளிக்குழாய். இரண்டு பக்க உறையையும் மணல் காகிதத்தால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, லேசாகச் சூடு காட்டி, சின்ன கேபிள் பக்கம் மாஸ்டிக் சுற்றி, பின்னல் வெளியேறும் இடங்களில் பள்ளங்களை நிரப்பி, பிறகு குழாயை நடுவில் கொண்டுவந்தோம். டார்ச்சில் நீலக் கூர்தீ வேண்டாம், மஞ்சள் நுனியோடு மெத்தென்ற தீ, நடுவில் தொடங்கி முனைக்கு, கையை நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி. இந்தப் பருவத்தில் காற்று தீயை ஒரு பக்கம் சாய்க்கும், அதற்கும் தார்ப்பாய்தான். இரண்டு முனையிலும் பசை வட்டமாகப் பிதுங்கி எட்டிப் பார்த்தது, சின்ன கேபிள் பக்கத்தில் ஒரு இடத்தில் வரவில்லை, அந்த இடத்துக்கு மறுபடி சூடு காட்டியதும் வந்தது. முழுதாக ஆறும் வரை யாரும் தூக்கவோ வளைக்கவோ கூடாது என்று சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போனோம்.

மூடுவதற்கு முன் மெகர்: கோருக்கும் கோருக்கும், ஒவ்வொரு கோருக்கும் ஆர்மருக்கும், எல்லாமே 200-க்கு மேல். பள்ளத்தின் அடியில் மணல், மேலே மணல், அதன் மேல் செங்கல் வரிசை, கொஞ்சம் மண் போட்டு மஞ்சள் எச்சரிக்கை டேப். மணல் விஷயத்தில் ஒன்று: கடற்கரைப் பக்க மணல் மலிவாகக் கிடைக்கிறது என்று கேபிளுக்குப் போடாதீர்கள், அதில் இருக்கிற உப்பு ஆர்மரைத் தின்றுவிடும். நாங்கள் எம்-சாண்ட் போட்டோம், கூர்க்கல் இல்லாமல் சலித்து. ஜாயின்டின் இடத்தை அளந்து எழுதியும் வைத்தேன், வீட்டு மூலையிலிருந்து இவ்வளவு, கிணற்றுச் சுவரிலிருந்து இவ்வளவு என்று. பையன் பலா மரத்திலிருந்து அளக்கலாம் என்றான். 2017-ல் ஒக்கி அடித்தபோது இதே விளையில் அடையாளத்துக்கு நின்ற மரங்கள் எத்தனை போயின என்று மாமாதான் அவனுக்குச் சொன்னார். அளவையும் போட்டோவையும் மீட்டர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, 40 ஆம்பியருக்கு மேல் பிரேக்கர் மாற்றக் கூடாது என்ற குறிப்போடு.

கரண்டு கொடுத்ததும் வீட்டு போர்டில் லோடு இல்லாமல் 231, 232, 230. கீசரும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது கீசர் பேஸ் 226, மற்ற இரண்டும் 230-ஐ ஒட்டியே. கார்த்திகையில், ஒரு வாரம் விடாமல் பெய்து விளையில் கால் புதைந்த சமயம், மெயினை இறக்கி மறுபடி மெகர் வைத்தேன், அப்போதும் 200-க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டுப் பக்க எர்த் குழி மட்டும் பாக்கி, அளந்ததில் எனக்குத் திருப்தி இல்லை, மழை ஓய்ந்து மண் காய்ந்ததும் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.